சொல்லுங்க சார், வண்டியிலதான் இருக்கேன்!

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு அதிகமாகச் சொல்லப்படுகிற பொய் எது என்று போட்டி வைத்தால், 'பக்கத்துலதான் இருக்கேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்' என்பதற்குத்தான் முதல் பரிசு. அதிகமாகச் சொல்லப்படுகிற உண்மை எது என்று வைத்தால், 'சொல்லுங்க சார், வண்டியிலதான் இருக்கேன்' தட்டிக்கொண்டு போய்விடும். இரண்டுமே செல்போனில் சொல்லப்படுபவை. முதலாவதால் காபி ஆறிப்போகும், அவ்வளவுதான். ஆளைச் சாய்ப்பது இரண்டாவது.

'வண்டியில் இருக்கிறேன்' என்றால் நியாயப்படி என்ன அர்த்தம்? 'இப்போது பேச முடியாது, அப்புறம் கூப்பிடுங்கள்' என்று அர்த்தம். நம்மிடம் மட்டும் அது எப்படியோ, 'வேறு வேலை ஒன்றும் இல்லை, தாராளமாகப் பேசலாம்' என்று மாறிவிட்டது. எதிர்முனையில் இருப்பவரும், 'அப்படியா, நல்லதாப் போச்சு' என்று ஆரம்பித்து, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கதை சொல்கிறார்.

நான் பஸ் ஆசாமி. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஆபீஸ் நேரம் கிடையாது. பத்தரை மணிக்கு மேல் கூட்டம் குறைந்த பிறகு ஏறினால் ஜன்னல் சீட்டு நிச்சயம். தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டை வேடிக்கை பார்க்க, டவுன் பஸ் ஜன்னலைவிட நல்ல பால்கனி டிக்கெட் எங்கேயும் கிடைக்காது. வருஷக்கணக்கில் பார்த்ததில், வண்டியில் போகும்போது போன் பேசுகிறவர்களை ஐந்து ரகமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

ரகம் ஒன்று: கழுத்துக்காரர். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே போவார். முதல் தடவை பார்ப்பவர்கள், 'பாவம், ராத்திரி தலையணை சரியில்லை போலிருக்கு' என்று நினைத்துக்கொள்வார்கள். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் உடம்பு, வண்டி, போன் மூன்றையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும்.

ரகம் இரண்டு: ஹெல்மெட்காரர். ஹெல்மெட் போடுவதே போனைச் செருகத்தான். தலையைக் காப்பாற்ற சர்க்கார் படாதபாடுபட்டு மாட்டவைத்த வஸ்து, இவருக்கு ஒரு ஸ்டாண்டு.

ரகம் மூன்று: தியானக்காரர். இவரிடம் கார் இருக்கிறது. போன் மடியில் கிடக்கும், தலை குனிந்தே இருக்கும். சிக்னல் பச்சையானதும் பின்னால் பத்து ஹாரன் அடித்த பிறகுதான் இவருக்கு சமாதி கலையும்.

ரகம் நாலு: காரியதரிசி வைத்திருப்பவர். ஸ்கூட்டரை ஓட்டுவது கணவர். பின்னால் உட்கார்ந்து அவர் காதில் போனைப் பிடித்துக்கொண்டிருப்பது மனைவி. 'அவர் கையில் போனே இல்லையே' என்று போலீஸிடம் வாதாடலாம். பிடித்த கை ஒன்று, பேசிய வாய் ஒன்று. இந்த அம்மாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரகம் ஐந்து: டெலிவரி தம்பி. ஹாண்டில்பாரில் போன் ஸ்டாண்டு. ஆர்டர் வருவது அதில், வழி சொல்வது அதில், கஸ்டமர் திட்டுவதும் அதில். இவரைப் பற்றிக் கிண்டலாக எழுத எனக்குக் கை வரவில்லை. மற்ற நாலு பேருக்கு போன் பழக்கம். இவருக்கு அது சோறு.

* * *

இந்த ஐந்து பேரையும் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

நான் வக்கீல் இல்லை, வெறும் பி.காம். ஆனால் பி.காமில் வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. அதைப் பாஸ் பண்ணிய தைரியத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சட்டம் வந்தது 1988-ல். அன்றைக்கு போன் என்றால் ஹாலில் குரோஷா துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் கறுப்பு சாமான். வண்டி ஓட்டிக்கொண்டே அதில் பேச வேண்டுமானால் வீட்டையும் சேர்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதனால் சட்டம் எழுதியவர்கள் போனைப் பற்றிக் கவலைப்படவில்லை. இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலை 31-ம் தேதி. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தகவல் தொடர்பு மந்திரி சுக்ராமுடன் பேசினார். இரண்டு பேருமே வண்டி ஓட்டிக்கொண்டு பேசவில்லை. நல்ல முன்னுதாரணம், நாம்தான் பின்பற்றவில்லை.

அந்த ஆரம்ப வருஷங்களில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் கட்டணம். கூப்பிடுகிறவருக்கும் காசு, எடுக்கிறவருக்கும் காசு. மாமா ஊரிலிருந்து கூப்பிட்டால் மருமகன் பாக்கெட்டிலும் ஓட்டை விழும். அதனால் இரண்டு பக்கமும் தந்தி மாதிரி பேசினார்கள். 'வந்தாச்சா?' 'வந்தாச்சு.' 'வை.' தேசம் கண்ட மிகச் சிறந்த சாலைப் பாதுகாப்புத் திட்டம் அதுதான் என்பேன். 2003-ல் வருகிற அழைப்பு இலவசமானது. அதற்குப் பிறகு கட்டணமும் காலணாவாகி, நமக்கு வாய் திறந்தது. இன்னும் மூடவில்லை.

சட்டத்தில் போன் என்ற வார்த்தை இல்லாததால், போலீஸார் '184-வது பிரிவு, ஆபத்தான முறையில் ஓட்டுதல்' என்ற பொதுவான பிரிவை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில், லைசென்ஸைத் தற்காலிகமாகப் பறிப்பதற்கான காரணங்களின் பட்டியலில் 'ஓட்டும்போது மொபைல் போன்' ஏறியது. 2015-ல் சுப்ரீம் கோர்ட் நியமித்த சாலைப் பாதுகாப்புக் கமிட்டி, போன் பேசிக்கொண்டு ஓட்டினால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்திவையுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது.

இதற்கு நடுவே 2018-ல் பக்கத்து மாநிலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. காரில் போன் பேசியதற்காக வழக்கில் மாட்டிய ஒருவர் கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், 'பேசினார் என்பதற்காக மட்டும் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தார் என்று கேஸ் போட முடியாது, அப்படித் தடை செய்யும் சட்டப் பிரிவு இல்லை' என்று சொல்லிவிட்டது. நீதிபதிகள் மேல் தப்பில்லை. ஏட்டில் இல்லாததை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

மறு வருஷமே ஏட்டில் எழுதிவிட்டார்கள். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, 'ஆபத்தான முறையில் ஓட்டுதல்' என்றால் என்ன என்று விளக்கம் சேர்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது ஆகியவற்றோடு, 'ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்பு சாதனத்தைப் பயன்படுத்துவது' என்பதும் அதில் உண்டு. 2019 செப்டம்பர் 1 முதல் அமல். முதல் தடவை மாட்டினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 1 வருஷம் வரை ஜெயில், அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 3 வருஷத்துக்குள் மறுபடி மாட்டினால் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் ரோட்டிலேயே கட்டித் தொலைக்கிற தொகையைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் திருத்தியது. முதல் தடவை 1,000. அடுத்த தடவை 10,000.

2020 அக்டோபரில் விதியில் ஒரு சின்னச் சலுகையும் வந்தது. வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம், ஆனால் ஓட்டுகிறவரின் கவனம் சிதறக் கூடாது. டெலிவரி தம்பியின் ஸ்டாண்டு பிழைத்தது. ஆனால் வழி பார்ப்பதற்கு மட்டும். அதே திரையில் சோப்பு வாங்கச் சொல்லி வீட்டிலிருந்து வரும் செய்தி இதில் சேராது.

* * *

இங்கே சட்டம் பிடித்துக்கொண்டிருக்கும் வார்த்தையைக் கவனித்தீர்களா? 'கையில் பிடிக்கும்'. கையில் இல்லாவிட்டால்? காதில் புளூடூத் மாட்டிக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டு போகிறவர்?

'கை ரெண்டும் ஹாண்டில்பார்ல இருக்கு, அப்புறம் என்ன?' என்பார்கள். கை அங்கேதான் இருக்கிறது. ஆள்?

1997-லேயே கனடாவின் டொரோன்டோ நகரத்தில் இதைப் பார்த்துவிட்டார்கள். செல்போன் வைத்திருந்து, விபத்திலும் சிக்கிய 699 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய டெலிபோன் பில்லையும் விபத்து நடந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். (பில்லை வைத்து உண்மையைக் கண்டுபிடிப்பது என்றால் எந்த பி.காம்காரனுக்கும் புல்லரிக்கும்.) போன் பேசும்போது மோதும் அபாயம் ஏறத்தாழ 4 மடங்கு. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு இதில் எந்தத் தள்ளுபடியும் கிடைக்கவில்லை. 2006-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார், ஒரே ஆட்களைச் செயற்கைக் காரில் உட்காரவைத்து, போன் பேசவிட்டும் ஓட்டச் சொன்னார்கள், சாராயம் கொடுத்தும் ஓட்டச் சொன்னார்கள். பேசிக்கொண்டு ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்கு இளைத்ததல்ல என்று தெரிந்தது. இங்கேயும் கையில் பிடித்துப் பேசியவருக்கும் பிடிக்காமல் பேசியவருக்கும் வித்தியாசம் இல்லை.

'அப்போ பக்கத்து சீட்ல இருக்கிறவரோட பேசலாமா?' என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. நல்ல கேள்வி. பக்கத்து சீட்காரருக்கும் கண் இருக்கிறது. லாரி குறுக்கே வந்தால் அவர் வாய் தானாக மூடிக்கொள்ளும், அல்லது 'ஐயோ, பிரேக்கு!' என்று கத்தும். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. அவர் ஃபேன் காற்றில் உட்கார்ந்துகொண்டு, 'அந்த ரெண்டாவது பாரா இருக்கு பாருங்க...' என்று தொடர்ந்துகொண்டிருப்பார். நீங்களும் ரோட்டை விட்டுவிட்டு அந்த இரண்டாவது பாராவைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பேசுவதே இப்படி என்றால், திரையைப் பார்ப்பது இன்னும் மோசம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறது. 'யார் மெசேஜ்னு மட்டும் பாக்கறேன்' என்று மூன்று விநாடி குனிந்தால் 33 மீட்டர். மூன்று டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தும் தூரம். அவ்வளவு தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட உங்களில் யாராவது சம்மதிப்பீர்களா? ஆயிரம் ரூபாய் பந்தயம் என்றால்கூட மாட்டீர்கள். இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

* * *

எழுத வருவதற்கு முன் நாலு வருஷம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வசூல் பிரிவில் எனக்கு ஒரு சிநேகிதன். நான் வேலையை விட்ட பிறகும் மாசம் ஒரு தடவை டீக்கடையில் சந்திப்போம். கலகலப்பான ஆள். வீட்டில் மனைவி, எல்.கே.ஜி. போகும் பெண் குழந்தை.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு மாசக் கடைசி நாள். செங்கல்பட்டுப் பக்கம் வசூலை முடித்துக்கொண்டு சாயங்காலம் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். மேனேஜர் கூப்பிட்டார். இவன் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை. ஏழாவது தடவை, வண்டலூர் தாண்டியதும் எடுத்தான். 'சொல்லுங்க சார், வண்டியிலதான் இருக்கேன்.'

மேனேஜர் சொன்னார். நாலு நிமிஷம் சொன்னார். ஐந்தாவது நிமிஷத்தில், விளக்குப் போடாமல் ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரியின் பின்பக்கம் இவன் போய் மோதினான். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். உறவில் சாவு என்றால் ஐயர், செலவு என்றால் பி.காம். பில் 4 லட்சத்து 85 ஆயிரம். கம்பெனி இன்சூரன்ஸ் 3 லட்சம். மிச்சத்துக்கு மனைவியின் வளையல். ஏழு மாசம் வேலைக்குப் போகவில்லை, அதில் ஐந்து மாசம் சம்பளம் இல்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பற்று வரவாக எழுதிக்கொண்டே வந்தேன். எந்தப் பக்கத்திலும் அந்த மேனேஜர் பெயர் வரவில்லை. போலீஸ் ரிக்கார்டிலும் வரவில்லை. 'கவனக்குறைவாக ஓட்டி' என்று அதில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

அப்படி என்ன தலைபோகிற சமாசாரம் பேசினார் என்று சிநேகிதனைக் கேட்டேன்.

"ஒரு கடையில வசூலான தொகை இருபத்திநாலாயிரமா, நாப்பத்திரெண்டாயிரமான்னு கேட்டாருப்பா. நான் அனுப்பின மெசேஜ்ல சரியாத்தான் போட்டிருந்தேன். அவர் ஷீட்டுல மாறிப்போச்சு."

மேனேஜர் கெட்டவர் இல்லை. மறுநாளே ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள் சகிதம் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, 'உடம்பைப் பாத்துக்குங்க, வேலையெல்லாம் அப்புறம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்திருக்கிறது. எடுத்து மெதுவான குரலில், 'ஆஸ்பத்திரியில இருக்கேன், அப்புறம் பேசறேன்' என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரியில போன் பேசக் கூடாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்று சிநேகிதன் சிரித்தான். கால் முழுக்கக் கட்டு. அவன் மனைவி சிரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். மீட்டிங்கில் இருந்தால் போனை வைத்துவிடுகிறோம். கோயிலில், கல்யாணத்தில், சவரம் செய்துகொள்ளும்போதுகூட வைத்துவிடுகிறோம். சவரக் கத்தி மேல் இருக்கிற பயம் தண்ணீர் லாரி மேல் இல்லை.

"என்ன இருந்தாலும் நான்தானே எடுத்தேன்? ஏழாவது தடவையும் எடுக்காம இருந்திருக்கலாமே" என்பான் சிநேகிதன். வாஸ்தவம். எடுத்த கை அவனுடையதுதான். ஆனால் கணக்குப் பாடத்தில் முதல் வாரமே ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். பெறுபவர் ஒருவர் இருந்தால் தருபவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். 1494-ல் வெனிஸில் லூக்கா பேசியோலி என்ற பாதிரியார் புத்தகமாக அச்சடித்துக் கொடுத்த இரட்டைப் பதிவு முறை அதுதான். ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்தப் போன் விவகாரத்தில் மட்டும் நாம் எடுத்தவர் பக்கத்தை எழுதிவிட்டு, கூப்பிட்டவர் பக்கத்தை வெற்றாகவே விட்டுவைத்திருக்கிறோம்.

* * *

வேறு ஊரில் என்ன செய்கிறார்கள் என்று தேடினேன். பிரிட்டனில் கையில் போன் பிடித்து ஓட்டுவதை 2003 டிசம்பர் 1 முதல் தடை செய்தார்கள். அந்த விதியிலேயே இரண்டாவது வரி ஒன்று உண்டு. இன்னொருவரை அப்படி ஓட்டவைப்பதும், ஓட்ட அனுமதிப்பதும் குற்றம்தான். 'ரோட்டுல இருந்தாலும் எடுத்துப் பேசணும்' என்று சொல்கிற முதலாளிக்கு அங்கே கொஞ்சம் வயிறு கலங்கும்.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் நடந்தது இன்னும் நேரடியானது. 2009-ல் ஒரு பையன் வண்டி ஓட்டிக்கொண்டே சிநேகிதியோடு மெசேஜ் பரிமாறிக்கொண்டிருந்தான். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த கணவன், மனைவி மேல் மோதினான். இரண்டு பேருக்குமே இடது கால் போயிற்று. அவர்கள் அந்தப் பெண் மேலும் கேஸ் போட்டார்கள். 2013-ல் அப்பீல் கோர்ட், 'அவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான், உடனே எடுத்துப் பார்ப்பான் என்று தெரிந்தே மெசேஜ் அனுப்பினால், அனுப்பியவருக்கும் பொறுப்பு உண்டு' என்றது. அந்தப் பெண்ணுக்கு அப்படித் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சியம் இல்லாததால் அவளை விட்டுவிட்டார்கள். ஆனால் இரண்டாவது பக்கம் ஒன்று இருக்கிறது என்று கோர்ட்டே எழுதிவிட்டது.

நம் நாட்டில் இதெல்லாம் ஏது என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே நம் சட்டத்தையும் ஒரு தடவை புரட்டினேன். 184-லிருந்து நாலே பிரிவு தள்ளி, 188. குட்டியூண்டு பிரிவு. 184, 185, 186-ல் சொன்ன குற்றங்களுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அந்தந்தக் குற்றத்துக்கான தண்டனையே உண்டு என்கிறது!

1988-லிருந்து அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 2022 அக்டோபரில் சென்னை டிராபிக் போலீஸார் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவரோடு தெரிந்தே உட்கார்ந்து போகிறவருக்கும் அபராதம் என்றார்கள். 'நான் குடிக்கவே இல்லையே, சும்மா பின்னாடிதானே உக்காந்திருந்தேன்' என்று பலர் புலம்பினார்கள். குடி 185-வது பிரிவு. போன் 184. உடந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கணவர் காதில் போன் பிடித்த அம்மாளை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். உடந்தை என்ற வார்த்தைக்குப் படம் போட்டு விளக்க வேண்டுமானால் அவரைத்தான் போட வேண்டும். தொலைவிலிருந்து கூப்பிட்ட மேனேஜர் இதில் வருவாரா என்பதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். தெரிந்தே தூண்டினார் என்று நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. எனக்கு மேனேஜர்களை ஜெயிலுக்கு அனுப்பும் ஆசையும் இல்லை. பத்திரிகை ஆசிரியர்களும் ஒரு வகையில் மேனேஜர்கள்தான், நான் பிழைக்க வேண்டும். என் ஆசை சின்னது. அந்த இரண்டாவது பக்கத்தைச் சட்டம் எழுதாவிட்டாலும் நாம் எழுதிக்கொள்ளலாமே?

எங்கள் வீட்டில் அதை எழுதியவர் என் அப்பா. டெலிபோன்ஸில் வேலை பார்த்து ரிடையரானவர். ட்ரங்க் கால் காலத்து மனிதர், மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசினால் இன்னமும் அவருக்கு மூச்சு வாங்கும். யாரைக் கூப்பிட்டாலும் 'ஹலோ' கிடையாது. முதல் கேள்வியே, "வண்டியா, வீடா?" 'வண்டி' என்று பதில் வந்தால், "வை" என்பார். அடுத்த விநாடி லைன் கட்.

என் மச்சான் ஒருநாள் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டான். "மாமா எம்மேல கோவமா இருக்காரா மச்சான்? 'வை'ன்னு சொல்லிட்டு பட்டுனு வெச்சுட்டாரு."

"இல்லடா. நீ வண்டியில இருந்தியா?"

"ஆமா."

"உன் மேல பிரியமா இருக்காருன்னு அர்த்தம்."

இப்போது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. பெரியம்மா பையன் ஒருவன் கேள்விக்குக்கூடக் காத்திருப்பதில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் எடுக்கிறான். இல்லாவிட்டால் கிழவர் 'வை' என்று அவமானப்படுத்திவிடுவாராம். அபராதம் 1,000 ரூபாய்க்குப் பயப்படாதவன், இதற்குப் பயப்படுகிறான்.

உங்கள் ஆபீஸிலும் செய்யலாம், செலவு ஒன்றும் இல்லை. கூப்பிடுகிறவர் நீங்கள் என்றால் முதல் கேள்வி 'வண்டியா?' என்பதாக இருக்கட்டும். ஆமாம் என்று வந்தால் சமாசாரத்தை ஆரம்பிக்காதீர்கள். 'ஒரே ஒரு நிமிஷம்' என்றும் சொல்லாதீர்கள், உலகத்தில் அப்படி ஒரு நிமிஷம் கிடையாது. ஒருவர் இரண்டு தடவை எடுக்கவில்லை என்றால், மூன்றாவது தடவை அடிப்பதற்கு முன், அவர் திமிர் பிடித்தவரா, பிரேக் பிடித்தவரா என்று கொஞ்சம் யோசியுங்கள். கூப்பிடப்படுகிறவர் நீங்கள் என்றால், இப்போது வருகிற பல போன்களில் 'வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்' என்று தானே பதில் அனுப்புகிற வசதி இருக்கிறது. ஒரு தடவை உட்கார்ந்து போட்டு வைத்துவிடுங்கள். மேலதிகாரியிடம் நேரில் சொல்லக் கூசுகிறதை அது கூசாமல் சொல்லும்.

டெலிவரி தம்பிக்கும் இதே நியாயம்தான். வரைபடத்தில் அவர் வண்டி எங்கே வருகிறது என்று நம் திரையிலேயே தெரிகிறது. அப்படியும், 'எங்கப்பா இருக்கே?' என்று கூப்பிட்டுக் கேட்கிறோம். எங்கே இருப்பார்? ரோட்டில் இருப்பார். சாம்பார் ஆறாமல் வர வேண்டும் என்று அவசரப்படுத்துகிற அந்த நிமிஷத்தில், அவருடைய கணக்கில் இன்னொரு பக்கம் நாம்தான்.

சிநேகிதன் திரும்ப வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கொஞ்சம் இழுத்து நடக்கிறான், மழைக்காலத்தில் கால் வலிக்கிறது என்கிறான். வசூலுக்குப் போவதில்லை, ஆபீஸுக்குள்ளேயே சீட்டு கொடுத்துவிட்டார்கள். வெளியே போயிருக்கும் பையன்களைக் கூப்பிட்டுத் தொகை கேட்டு ஷீட்டில் ஏற்றுவது இப்போது அவன் வேலை. சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல்தான் கூப்பிடுகிறானாம், எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த பிறகு. ஷீட் அரை மணி நேரம் லேட்டாகிறது என்று மேனேஜருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் காலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லையாம்.

நாளைக் காலை ஒன்பதே கால் மணிக்கு உங்களுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பத்து மணிக்குக் கூப்பிடுங்கள். ஃபைல் எங்கேயும் ஓடிப்போகாது.